பன்னிரண்டே கால் வயிற்றுவலி

ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகிற ரோட்டில் இருக்கும் அந்த மெட்ரிக் பள்ளிக்கூடத்தில், ராமுத்தாயை ஏமாற்றிவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளை என்று ஒன்று கிடையாது. எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை அறுநூற்றுச் சொச்சம் பேர் படிக்கிறார்கள். அவர்களில் யாருக்கு வயிறு வலிக்கிறது, யாருக்குக் கணக்குப் பரீட்சை வலிக்கிறது என்பதை அறை வாசலிலேயே நிறுத்திப் பிரித்துவிடுவாள். நிஜமாக வலிக்கிற பிள்ளை ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டும். பொய் வலிக்காரன் உள்ளங்கையால் வயிறு பூராவையும் தடவுவான். நிஜக் காய்ச்சல் படுத்ததும் கண்ணை மூடிக்கொள்ளும். பொய்க் காய்ச்சல் ஜன்னல் வழியாக மைதானத்தில் யார் பேட்டிங் என்று பார்க்கும்.

பொய் என்று தெரிந்தால் அவள் திட்டமாட்டாள், தலைமையாசிரியையிடம் சொல்லவும் மாட்டாள். ஓமத்தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறப்பாள், அவ்வளவுதான். அந்த வாசனைக்கே பாதிப் பேருக்குக் குணமாகிவிடும். பிள்ளைகள் அவளை 'மருந்தக்கா' என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தேழு வயதில் அது அவளுக்குப் பட்டம் மாதிரி இருந்தது.

அவள் நர்ஸ் படிப்பு எதுவும் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டென்ட் வெள்ளைத்துரைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி இருந்தது. அதில் பதினொரு வருடம் பெட்டி அடைக்கிற பிரிவில் இருந்தவள். கம்பெனிக்கு முதலுதவி தெரிந்த ஆள் வேண்டும் என்று விதி இருந்ததால், இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பி ஒரு சான்றிதழும் வாங்கிக் கொடுத்தார்கள். ஆய்வுக்கு வந்த கல்வித்துறை அதிகாரி ஒருநாள் பள்ளிக்கூடத்தில் முதலுதவி தெரிந்தவர் யார் என்று கேட்டார். மறுநாள் காலை ராமுத்தாயைக் கம்பெனி வேனிலிருந்து இறக்கிப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார் வெள்ளைத்துரை. பதினொரு வருடத்தில் பட்டாசுக் கம்பெனியில் அவள் போட்ட கட்டு மூன்று. அதிலும் இரண்டு, அட்டைப்பெட்டி கீறிய விரல்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் மதியத்துக்குள் ஒன்பது போட்டாள்.

அவளுக்கு மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு ஃபேன், கரஸ்பாண்டென்ட் வரும்போது அவருக்கு மோர் குளிர வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ். டாக்டர் சீட்டும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் ஒரு மாத்திரையைக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். அதற்காகவே ஜூன் மாதம் எல்லா வீட்டுக்கும் ஒரு படிவம் போகும். பிள்ளைக்கு ஏதேனும் நோய் உண்டா, தினமும் மருந்து எடுக்கிறதா என்று அதில் கேட்டிருக்கும். அறுநூற்றுச் சொச்சம் படிவங்களும் 'இல்லை' என்ற ஒரே பதிலோடு திரும்பி வரும். இத்தனை ஆரோக்கியமான பிள்ளைகள் வேறு எந்தச் சீமையிலும் இருக்கமாட்டார்கள். மூச்சிரைக்கிற பையன் ஒருவன் பையில் வைத்திருந்த ஸ்பிரேயை என்னவென்று கேட்டதற்கு, "சென்ட்டு" என்றான். அப்படிச் சொல்லச் சொல்லி வீட்டில் அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள், ஏழாம் வகுப்பு ஆர்த்தியைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா கீர்த்திகா மாடியேறி வந்தாள். காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சடிக்கிற பிரஸ் முதலாளி மணிகண்டராஜின் மனைவி. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். மே மாதம் ஆர்த்தி மெலிந்துகொண்டே போனதையும், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டதையும், மதுரையில் கொண்டுபோய்க் காட்டியதில் சர்க்கரை நோய் என்று சொன்னதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இனி வாழ்நாள் பூராவும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி.

ராமுத்தாய் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள். 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

கீர்த்திகா அதற்கும் காரணம் வைத்திருந்தாள். மூத்தவளுக்கு விருதுநகரில் ஒரு பருப்பு மண்டிக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. தங்கச்சிக்குச் சுகர் என்று தெரிந்தால் நாளைக்கு அக்காவுக்கும் வரும், பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று பேச்சு கிளம்பும், சம்பந்தம் நின்றுபோகும் என்றாள். "தை வரைக்கும்தாங்க்கா. கல்யாணம் முடியட்டும், நானே ஸ்பீக்கர் கட்டிச் சொல்லுதேன்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராமுத்தாய் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் ஆர்த்தி கட்டிலில் உட்கார்ந்து, பையிலிருந்து பேனா மாதிரி இருந்த இன்சுலின் ஊசியை எடுத்து எதில் எது மாட்ட வேண்டும் என்று நிதானமாகக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் நிதானத்தைப் பார்த்ததும் ராமுத்தாய் மறுப்பதை விட்டுவிட்டாள். டாக்டர் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கித் தன் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டாள். சுகர் பார்க்கிற மெஷினில் எழுபதுக்குக் கீழே போனால் உடனே இனிப்பு என்று அந்த டாக்டரிடமே போனில் கேட்டு மனப்பாடம் செய்தாள். ஊசிப் பேனா கரஸ்பாண்டென்டின் மோர்ச் செம்புக்குப் பின்னால் குடியேறியது.

ஏற்பாடு இதுதான். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பன்னிரண்டே காலுக்கு, ஆர்த்தி வகுப்பில் வயிறு வலிக்கிறது என்று எழுந்திருப்பாள். மாடிக்கு வருவாள். விரலில் குத்திச் சுகர் பார்ப்பாள், தானே ஊசி போட்டுக்கொள்வாள், ராமுத்தாய் பக்கத்தில் நின்று அளவைச் சரிபார்ப்பாள். பிறகு இறங்கிப் போய்ச் சாப்பிடுவாள். வாரத்துக்கு ஐந்து நாள், அதே நேரம், அதே வலி. சனி ஞாயிறு மட்டும் அதற்கும் விடுமுறை.

இப்படி ஒரு வயிற்றுவலியை எல்.கே.ஜி. பிள்ளைகூட நம்பாது. ஆனால் ராமுத்தாய் நம்பினாள், ஊரறிய நம்பினாள். அதில்தான் அவள் பேர் கெட்டது. "உங்க கண்ணுலயே மண்ணத் தூவிட்டாளேக்கா," என்று ஆர்த்தியின் வகுப்பாசிரியை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் சிரித்தாள். பிரஸ் முதலாளி வீட்டுப் பிள்ளை என்பதால் மருந்தக்கா பம்முகிறாள் என்று பேச்சு கிளம்பியது. ஆடி மாதத்துக்குள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மட்டும் நாலு வயிற்றுவலி பன்னிரண்டே காலுக்கு வந்து நின்றது. ஓமத்தண்ணீரைக் காட்டினால், "ஆர்த்திக்கு மட்டும் ஏங்க்கா குடுக்கல?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் அவள் பர்ஸில் மடித்துக் கிடந்தது, எடுத்துக் காட்ட முடியவில்லை. பத்து வருடம் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பாதித்த பெயரை ஒரு பொய்யைக் காப்பாற்றித் தொலைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனால் அவளுக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

பிள்ளைகளின் நடிப்பை ஒழிக்க ஆள் இல்லாமல் போனதால், அந்தப் பொறுப்பை விளையாட்டு ஆசிரியர் பாண்டிச்செல்வம் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கையில் மைக் கிடைத்தால் கீழே வைக்கத் தெரியாது. தலைவலி, வயிற்றுவலி என்று யார் வந்தாலும் கொடிக்கம்பத்துப் பக்கம் பத்து நிமிடம் வெயிலில் நிற்க வைத்தார். பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் குணமானது. ராமுத்தாயின் பாட்டிலைவிட இது நல்ல மருந்து என்று தலைமையாசிரியையே பாராட்டினார்.

டிசம்பர் முதல் வாரத்தில் விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தை பிறக்க இன்னும் ஆறு வாரம். விருதுநகர் கல்வி அலுவலகத்தில் மாணவர் உடல்நலப் பட்டியலை மறுநாள் நேரில் கொடுத்துவிட்டு வரும்படி தலைமையாசிரியை ராமுத்தாயிடம் சொன்னார். அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு நேராகவும் 'நன்று' என்று அவளே எழுதிய பட்டியல்.

அவள் உடனே கீர்த்திகாவுக்குப் போன் போட்டாள். நாளைக்கு நான் இருக்கமாட்டேன், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். கீர்த்திகா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் புடவை நிறம் பார்க்க வருகிறார்கள், அவர்கள் இருக்கும்போது ஊசி போட வேண்டியதாகிவிடும், பள்ளிக்கூடம்தான் பத்திரம் என்றாள். பன்னிரண்டே காலுக்குத் தானே வீட்டிலிருக்கும் பேனாவோடு வந்து ஊசி போட்டுவிடுவதாகவும் சொன்னாள். ஆயா முருகம்மாளிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வைப்போமா என்று ராமுத்தாய் யோசித்தாள். வாக்குக் கொடுத்துவிட்டோமே, ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான். அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

கல்வி அலுவலகத்தில் பட்டியலை வாங்கிய எழுத்தர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். அந்த அலட்சியத்தால் நல்லதுதான் நடந்தது. அவள் பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்து, பதினொன்று இருபதுக்குப் பள்ளிக்கூட வாசலில் இறங்கிவிட்டாள்.

பள்ளிக்கூடமே மைதானத்தில் அணிவகுத்து நின்றது. கொடிக்கம்பத்துப் பக்கம் ஆர்த்தி தனியாக நின்றுகொண்டிருந்தாள். காலையில் விருந்தாளிகள் வருகிற அவசரத்தில் ஊசியை முழுசாகப் போட்டுவிட்டு அரை இட்லியோடு வேன் ஏறியிருந்தாள். ஒரு மணி நேரம் மார்ச் பாஸ்ட் நடந்ததில் கால் மாறிப்போனது. வலது என்றால் இடது வைத்தாள், திரும்பு என்றால் நின்றாள். பாண்டிச்செல்வம் அவளை வரிசையிலிருந்து இழுத்து வெயிலில் நிறுத்தி, "இன்னைக்கு வயித்துவலி சீக்கிரமே வந்துருச்சு போலயே," என்று மைக்கில் சொன்னார். மைதானம் முழுக்கச் சிரித்தது.

ராமுத்தாய் வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள். டிசம்பர் காற்றில் பிள்ளையின் சட்டை தண்ணீரில் முக்கி எடுத்தது மாதிரி நனைந்திருந்தது. உதடு வெளுத்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஓடிப் போய்த் தோளைப் பிடித்து, "தாயி, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள். ஆர்த்தி அவளையே பார்த்துக்கொண்டு, நாளைக்குத்தான் பரீட்சை என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னாள். குளுக்கோஸ் மாடி அறையில் பூட்டிக் கிடந்தது. அதுவரைக்கும் போய் வர நேரமில்லை. பாண்டிச்செல்வம் பக்கத்தில் வந்து, "விடுங்கக்கா, சும்மா நடிக்கா," என்றார்.

"சார், அவளுக்குச் சுகர் இருக்கு. தெனம் ஊசி போடுற புள்ள. யாராச்சும் இனிப்பு வச்சிருந்தா ஓடியாங்க. வச்சிருக்கவகள நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவர் மைக்கை அணைக்காமல் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். அது அத்தனையையும் வாங்கி மைதானத்துக்கும், மதிலுக்கு வெளியே இருந்த டீக்கடைக்கும், ரோட்டில் நின்ற மினி பஸ்ஸுக்கும் சேர்த்துச் சொன்னது.

பள்ளிக்குள் மிட்டாய் கூடாது என்பது ராமுத்தாயே சொல்லிப் போட வைத்த சட்டம். பிள்ளைகள் பல் கெட்டுப்போகும் என்று அவள்தான் மூன்று வருடம் முன்பு தலைமையாசிரியையை நச்சரித்தாள். அன்றைக்கு அந்த அறுநூறு பைகளிலிருந்து வந்ததைப் பார்த்தால் அந்தச் சட்டத்துக்குப் பயந்தவர் ஒருவரும் இல்லை என்று தெரிந்தது. தேன்மிட்டாய், கடலைமிட்டாய், பிறந்தநாள் சாக்லேட், பாதி சப்பிவிட்டுத் தாளில் சுற்றி வைத்தது எல்லாம் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பாவாடைப் பையிலிருந்து மாம்பழ ஜூஸ் டப்பா எடுத்து நீட்டியது. ராமுத்தாய் அதை வாங்கி, ஆர்த்தியை மடியில் சாய்த்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். கொட்டியது பாதி, உள்ளே போனது பாதி.

பத்து நிமிடம் கழித்து ஆர்த்தியின் கண் தெளிந்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். மடியில் சிந்திய மிட்டாய்களைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீகளா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன் தாயி," என்றாள் ராமுத்தாய். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கீர்த்திகா சொன்ன சொல் தவறாமல் பன்னிரண்டே காலுக்குப் பட்டுப்புடவையோடு வந்து இறங்கினாள். விஷயத்தை வாட்ச்மேனே அவளிடம் சொல்லிவிட்டார். அவள் மகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. ராமுத்தாயை ஒரு சொல் திட்டவில்லை. காரில் ஏறுகிறபோது மட்டும், "ஆறு வாரம்க்கா, ஆறே வாரம்," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ராமுத்தாய்க்குத் தோன்றியது.

மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. அதில் இரண்டு குற்றம். ஒன்று, மாணவியின் நோயை நிர்வாகத்திடம் சொல்லாமல் மறைத்தது. இரண்டு, மாணவியின் நோயை ஊருக்கே சொல்லியது. வெள்ளைத்துரை தன் அறைக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரை சார் என்றாலும் அவளுக்கு அவர் இன்னும் கம்பெனி முதலாளிதான்.

"ரெண்டும் நெசந்தான் மொதலாளி," என்றாள். "மொதக் குத்தத்தச் செய்யாம இருந்தா, ரெண்டாவதுக்கு வேலையே வந்திருக்காது."

வெள்ளைத்துரை மெமோவை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். ஃபிரிட்ஜில் என் மோருக்குப் பின்னால் இத்தனை நாளாக அதுவா இருந்தது என்று மட்டும் கேட்டார். பாண்டிச்செல்வம் இதற்குள், அந்தப் பிள்ளைக்குச் சுகர் இருக்கும் என்று தனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்ததாக டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து கொடிக்கம்பத்துப் பக்கம் அவர் யாரையும் நிறுத்தவில்லை.

அந்த வாரமே தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தியும் தனித்தனியாக மாடியேறி வந்து கதவைச் சாத்தினாள். ஒருத்தி பையனுக்கு வலிப்பு மாத்திரை, ஒருத்தி பிள்ளைக்கு மூச்சிரைப்பு ஸ்பிரே, ஒருத்தி மகளுக்கு இருதயத்தில் சின்ன ஓட்டை. நீங்கதான் பார்த்துக்கணும்க்கா, வெளியில் தெரிய வேண்டாம் என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஊருக்கெல்லாம் கேட்கும்படி ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்தவளிடமே தங்கள் ரகசியத்தையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ராமுத்தாய் இந்த முறை ஏமாறவில்லை. படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடு, தலைமையாசிரியைக்கும் வகுப்பு டீச்சருக்கும் தெரியட்டும், இல்லையென்றால் மருந்தைத் திருப்பிக் கொண்டுபோ என்றாள். முணுமுணுத்துக்கொண்டே பாதிப் பேர் எழுதினார்கள். மீதிப் பேர் மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார்கள். அவர்கள் போவதைப் பார்க்கையில் அவளுக்குப் பகீரென்றிருக்கும்.

பத்து நாள் கழித்து, புது ஊசிப் பேனா கொடுக்கிற சாக்கில் கீர்த்திகா வந்தாள். மணி பன்னிரண்டே கால். ஆர்த்தி இப்போதெல்லாம் யாரிடமும் எதையும் சொல்லாமல் நேரமானதும் எழுந்து வந்துவிடுவாள். கட்டிலில் உட்கார்ந்து விரலைக் குத்திக்கொண்டிருந்தாள். சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்க ராமுத்தாய்க்குப் பயமாக இருந்தது. ஆனால் கீர்த்திகாவே ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா நேற்று ஆட்டோ பிடித்துத் தனியாக வந்தாளாம். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று இவர்கள் நடுங்கியிருக்கிறார்கள். அந்த அம்மா உட்கார்ந்ததும் அழுதிருக்கிறாள். தன் மகனுக்கு மூன்று வருடமாகச் சுகர் என்றும், கல்யாணத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்ததாகவும், இந்த வீட்டிலும் அதே நோய் இருப்பது தெரிந்ததும்தான் உயிர் வந்தது என்றும் சொன்னாளாம்.

ராமுத்தாய்க்கு நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. இரண்டு வீடும் ஒருத்தருக்கொருத்தர் பயந்து ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்ததை நினைத்துச் சிரிப்பும் வந்தது. "அப்பறமென்ன, நல்லதாப் போச்சு. தையிலயே வச்சிர வேண்டியதுதான," என்றாள்.

கீர்த்திகா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கக்கா வைக்க? இவ அப்பா யோசிக்காக. வேண்டாம்னு சொல்லிரலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம். சுகர் இருக்கிற பையனுக்குத் தெரிஞ்சே எப்பிடிப் பொண்ணக் குடுக்க?"

ஆர்த்தி வயிற்றில் ஊசியைச் செருகி, மருந்து முழுசாக இறங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபடி பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்தாள். ஊசியை எடுத்து, மூடியைப் போட்டு, சட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப என்னையவும் இப்பிடித்தான் யோசிப்பாகளாம்மா?"

ராமுத்தாய்க்கு அந்த நேரம் கீர்த்திகாவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள். ஆறு மாதமாக அத்தனை பேரிடம் கூசாமல் பொய் சொன்னவளுக்கு, சொந்த மகளிடம் சொல்ல ஒரு சின்னப் பொய் வரவில்லை. ஆர்த்தி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஊசி போட்டால் பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும்.